31 மீட்டரில் இரைச்சல்: ஒரு சிற்றலை நேயர் வீட்டில் நான்கு மாதத் தேடல்

பின்னணி

காவிரி டெல்டாவில் ஒரு சிறு நகரம். நேயர் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர், வயது 68. 1979 முதல் சிற்றலை (ஷார்ட்வேவ்) வானொலி கேட்கிறார். வீட்டில் இரண்டு சூட்கேஸ் நிறைய, கேட்டதாக எழுதும் நேயர்களுக்கு நிலையங்கள் அனுப்பும் வண்ண அட்டைகள். மாஸ்கோ, கொலோன், ஈக்குவடோரின் கீட்டோ என்று உலகத்தையே ரப்பர் பேண்டு போட்டுக் கட்டி வைத்திருக்கிறார். கேட்ட ஒவ்வொரு நிலையத்துக்கும் தேதி, நேரம், அலைவரிசை, சின்போ மதிப்பு (எப்படிக் கேட்டது என்பதற்கான ஐந்து இலக்கக் குறி) எழுதிய குறிப்பேடுகள் பதினேழு. இந்தக் கதையில் அந்தக் குறிப்பேடுகளுக்குப் பெரிய பங்கு உண்டு. அதை நான் கடைசியில்தான் உணர்ந்தேன்.

2023 பிப்ரவரியில் எனக்கு போன் செய்தார். நானும் இதே பைத்தியம் பிடித்தவன்தான். தஞ்சாவூரில் இருக்கிறேன், அவர் ஊர் பஸ்ஸில் ஒன்றரை மணி நேரம். "தம்பி, சிற்றலை முடிஞ்சு போச்சுன்னு நினைக்கிறேன். மூணு மாசமா ஒண்ணும் வரலை. ரேடியோவை யாருக்காவது கொடுத்துடலாமான்னு பார்க்கிறேன்" என்றார்.

அவர் அப்படி நினைத்ததில் தப்பில்லை. நெதர்லாந்து வானொலி 2012-ல் சிற்றலையை விட்டது. ஆஸ்திரேலிய வானொலி 2017 ஜனவரி 31-ல் நிறுத்தியது. அதே ஆண்டு ஏப்ரல் 30-ல், 1941-ல் தொடங்கிய பிபிசி தமிழோசையின் சிற்றலை ஒலிபரப்பும் நின்றது. அடுத்த ஆண்டு மணிலாவிலிருந்து வந்த வேரித்தாஸ் தமிழ்ப்பணி. இப்படி ஒவ்வொன்றாகப் போனதைப் பார்த்த மனிதர், ஒருநாள் எல்லாமே போய்விட்டது என்று முடிவு கட்டியதில் ஆச்சரியம் இல்லை. கூடவே காது மீதும் சந்தேகம். ஜனவரியில் காது டாக்டரிடம் போய்ப் பரிசோதனை செய்திருக்கிறார். வயதுக்கு நன்றாகவே இருக்கிறது என்று சொல்லி அனுப்பிவிட்டார்களாம்.

எனக்கு இடித்தது வேறு. சூரியனில் புள்ளிகள் பெருகிக் குறையும் 25-ஆவது சுழற்சி 2019 டிசம்பரில் தொடங்கியது. 2023-ல் சூரியப் புள்ளிகள் ஏறுமுகத்தில் இருந்தன. அப்படிப்பட்ட காலத்தில் மேல் வளிமண்டலத்தின் அயனி அடுக்கு உயர் அலைவரிசைகளை இன்னும் நன்றாகத் திருப்பி அனுப்பும். அலைநீளத்தை வைத்து 16 மீட்டர், 13 மீட்டர் என்று சொல்லும் உயர் பட்டைகளில்கூட நிலையங்கள் வரும். என் வீட்டில் வந்துகொண்டுதான் இருந்தன. எழுபது கிலோமீட்டருக்குள் அவர் வீட்டில் மட்டும் உலகம் எப்படி அடங்கிப்போகும்?

முதல் நாள் கண்டது

பிப்ரவரி மூன்றாவது சனிக்கிழமை சாயங்காலம் போனேன். மொட்டை மாடியிலிருந்து கொல்லைத் தென்னை மரத்துக்கு 18 மீட்டர் செம்புக் கம்பி. அதிலிருந்து சாதாரண மணி ஒயர் மாடிப்படி வழியாக அவர் அறைக்கு இறங்குகிறது. அறையில் டெக்சன் பிஎல்-660 ரேடியோ. போட்டதும் "ர்ர்ர்ர்" என்று ஓர் உறுமல். 31 மீட்டர், அதாவது 9,400 முதல் 9,900 கிலோ ஹெர்ட்ஸ் வரை, எங்கே திருப்பினாலும் அதுதான். சுமார் 65 கிலோ ஹெர்ட்ஸுக்கு ஒருமுறை உறுமல் உச்சத்துக்குப் போய், இடையில் கொஞ்சம் இறங்கி, மறுபடி ஏறும். அந்த உச்சமும் ஓரிடத்தில் நிற்கவில்லை. பத்து நிமிடத்தில் சில கிலோ ஹெர்ட்ஸ் நகர்ந்திருந்தது.

கேட்டுப் பழகியவர்களுக்கு இது போதும். இயற்கை இரைச்சல் கணக்குப் பார்த்து இடைவெளி விடாது. இது ஸ்விட்சிங் வகை மின்வழங்கியின் கைவேலை. எல்இடி பல்பு, செல்போன் சார்ஜர், அடாப்டர் எல்லாவற்றுக்குள்ளும் இருப்பது இந்த வகைதான். 230 வோல்ட்டை நேர்மின்சாரமாக்கி, நொடிக்குப் பல்லாயிரம் முறை வெட்டி வெட்டித் தேவையான அழுத்தத்துக்குக் கொண்டுவருகிறது. அந்த வெட்டு வேகத்தின் மடங்குகள் மெகா ஹெர்ட்ஸ் கணக்கில் மேலே நீளும். மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸ் இரட்டித்து 100 ஹெர்ட்ஸ் உறுமலாக அதன் மேல் உட்கார்ந்துகொள்ளும். சாதனம் சூடாக ஆக வெட்டு வேகம் மாறும், அதனால் உச்சங்கள் நகரும்.

சாரை ஏமாற்றியது அவர் ரேடியோவின் சிக்னல் கட்டங்கள். அவை நிறைந்தே இருந்தன. "சிக்னல் ஃபுல்லா இருக்கு, ஆனா நிலையம் இல்லை. அப்போ நிலையம்தானே மூடியிருக்கணும்?" என்றார். அந்தக் கட்டங்களுக்கு நிலையமும் ஒன்றுதான், இரைச்சலும் ஒன்றுதான். ஆன்டெனாவில் எது வந்தாலும் நிரம்பும்.

அன்றே ஓர் ஒப்பீடு செய்தோம். என்னிடம் டெக்சன் பிஎல்-310இடி இருந்தது. சிறிய ரேடியோ, ஆனால் சிக்னல் அளவையும், இரைச்சலை மீறி நிலையம் எவ்வளவு கேட்கிறது என்பதையும் தனித்தனி எண்ணாகக் காட்டும். அளவுகோலாக எடுத்துக்கொண்டது 10,000 கிலோ ஹெர்ட்ஸில் வரும் சீனாவின் நேர நிலையமான பிபிஎம். இரவு பகல் நிற்காமல் நொடிக்கு நொடி டிக் டிக் என்று அனுப்பும். பாட்டு, செய்தி, நிகழ்ச்சி மாற்றம் எதுவும் கிடையாது. ஒப்பிட்டுப் பார்க்க இதைவிட நல்லது வேறில்லை.

மாடியில், ரேடியோவின் சொந்த ஏரியலில்: சிக்னல் 38, தெளிவு 0. உறுமல் மட்டும். ரேடியோவை எடுத்துக்கொண்டு பைக்கில் மூன்று கிலோமீட்டர் தள்ளி, வயல்களுக்கு நடுவே வாய்க்கால் கரைக்குப் போனோம். சிக்னல் 23, தெளிவு 14. டிக் டிக் டிக். சிக்னல் எண் இறங்கியிருந்தது, கேட்டதோ துல்லியம். சார் வரப்பில் உட்கார்ந்து அரை மணி நேரம் அலைவரிசையைத் திருப்பிக்கொண்டே இருந்தார். கொரியாவின் கேபிஎஸ் வந்தது. பிறகு ஜப்பானின் என்ஹெச்கே. கொசு பிடுங்கிக்கொண்டிருந்தது, அவர் எழுந்திருக்கவில்லை.

அயனி மண்டலம், நிலையங்கள், ரேடியோ, காது எல்லாம் சரி என்று அங்கேயே தெரிந்துபோனது. குற்றவாளி வீட்டிலோ தெருவிலோ இருக்கிறது.

மெயினை அணைத்தோம்

இந்த மாதிரி வேலையில் முதல் பாடம் எல்லோருக்கும் தெரியும். ரேடியோவை பேட்டரியில் ஓடவிட்டு வீட்டு மெயினை அணை. இரைச்சல் நின்றால் உன் வீடு, நிற்காவிட்டால் வெளியே. மறுநாள் காலை அதைத்தான் செய்தோம். சார் கீழே போய் மெயினை இறக்கினார். நான் மாடியில் ரேடியோவோடு நின்றேன். ஒரு கணம் லேசாக ஏதோ மாறியது, அப்புறம் அதே உறுமல். மூன்று முறை செய்து பார்த்தோம். மூன்று முறையும் அப்படியே.

"வீடு இல்லை சார், வெளியிலதான்" என்றேன். முழு நம்பிக்கையோடு சொன்னேன்.

அந்த முடிவு தவறு. ஏன் என்று படிப்பவர்களில் பாதிப்பேர் இந்நேரம் கண்டுபிடித்திருப்பீர்கள். எங்களுக்கு மூன்று வாரம் பிடித்தது.

தெருவில் தேடியது

சிற்றலைக்கு ரேடியோவின் நீட்டு ஏரியல் திசை காட்டாது. ஆனால் மத்திய அலைக்கு உள்ளே ஃபெரைட் தண்டு (கம்பி சுற்றிய காந்தப்பொருள் குச்சி) இருக்கிறது, அது காட்டும். தண்டின் முனை இரைச்சல் வரும் பக்கத்தைப் பார்த்தால் சத்தம் மிகக் குறையும். எங்கள் உறுமல் மத்திய அலையிலும் கேட்டதால், 1,600 கிலோ ஹெர்ட்ஸுக்கு அருகில் காலியான இடத்தில் வைத்து ரேடியோவைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தேன். சத்தம் குறைந்த கோடு கிழக்கு மேற்காக வந்தது. அந்தக் கோட்டில் ஒரு பக்கம் சாரின் மாடிப்படி. மறுபக்கம் பக்கத்து வீடு. மெயின் சோதனையில் எங்கள் வீடு "தேறிவிட்டதால்" பக்கத்து வீட்டைப் பிடித்துக்கொண்டோம்.

இங்கே இன்னொரு பிசகும் உண்டு. ஃபெரைட் தண்டு கோட்டைத்தான் காட்டும், அந்தக் கோட்டில் எந்தப் பக்கம் என்று சொல்லாது. அதோடு, தெருக் கம்பியில் ஏறிய இரைச்சல் கம்பி நெடுகப் பரவும். அப்போது தண்டு சாதனத்தை விட்டுவிட்டுக் கம்பியைக் காட்டிக்கொடுக்கும். கோடு கிழித்த இடத்தை மாற்றி, குறைந்தது மூன்று இடத்திலிருந்து பார்த்திருக்க வேண்டும். நான் ஓர் இடத்தில் நின்று பார்த்ததோடு சரி.

பக்கத்து வீட்டு அம்மா, தையல் கடை வைத்திருப்பவர், முதலில் சிரித்துக்கொண்டே உதவினார். வாசலில் இரண்டு எல்இடி பல்பு, உள்ளே தையல் இயந்திரத்துக்கு மேலே ஒரு குழல் விளக்கு. சார் தன் காசில் நல்ல பல்பு இரண்டு வாங்கிக்கொடுத்து மாற்றச் சொன்னார். உறுமல் இம்மியும் குறையவில்லை. அடுத்த வாரம் ராத்திரி எட்டு மணிக்கு "பத்து நிமிஷம் எல்லாத்தையும் அணைச்சுப் பாருங்களேன்" என்று கேட்டபோது முகம் மாறிவிட்டது. "உங்க ரேடியோவுக்காக நாங்க இருட்டுல உக்காரணுமா வாத்தியாரே? தைக்கிற வேலை கிடக்குது" என்றார். அணைக்கத்தான் செய்தார். உறுமல் போகவில்லை. அதற்குப் பிறகு கொஞ்ச நாள் சாரோடு பேச்சு இல்லை. முப்பது வருடப் பழக்கம்.

இந்த இடத்தில் சார் கைவிட நினைத்தார். அதைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை.

மின்தடை நாள்

மார்ச் மாதப் பராமரிப்பு மின்தடை, காலை 9 முதல் 2 மணி வரை என்று பத்திரிகையில் வந்திருந்தது. இரைச்சல் தேடுபவனுக்கு இது தீபாவளி. ஊரே அணைந்திருக்கும்போது கேட்டால், மின்சாரத்தில் ஓடும் எந்தச் சாதனமும் மிச்சமிருக்காது. காலை முதல் பஸ்ஸில் போய்ச் சேர்ந்தேன்.

9:10-க்குத் தெருவில் மின்சாரம் நின்றது. பகலில் பிபிஎம் 15,000 கிலோ ஹெர்ட்ஸிலும் வரும்; அதில் வைத்தேன். தெருக்கோடியில் டிக் டிக் தெளிவாகக் கேட்டது. அங்கிருந்து வீட்டை நோக்கி நடக்க நடக்க உறுமல் ஏறியது. சாரின் வாசலில் பாதி, மாடிப்படியில் முழுக்க. ஊரே அணைந்திருக்கிறது, இங்கே மட்டும் உறுமுகிறது! இதற்கு மேலும் எனக்குப் புரியவில்லை என்பதை எழுத வெட்கமாகத்தான் இருக்கிறது. கூடத்தில் மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. அதன் கீழேதான் உட்கார்ந்து காபி குடித்தேன்.

மாடியில் காத்திருந்தோம். 12:15 இருக்கும். கீழே இன்வெர்ட்டர் "கீ கீ" என்று கூவத் தொடங்கியது. பழைய பேட்டரி, மூன்று மணி நேரம் தாங்கியதே அதிகம். ஒரு நிமிடத்தில் கூவல் நின்றது. அதே நொடியில் ரேடியோவின் உறுமலும் நின்றது. டிக் டிக் டிக். நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டிருக்கும்போது கீழேயிருந்து சாரின் மருமகள் குரல்: "மாமா, நெட் போயிடுச்சு!"

மெயினை அணைத்தபோது இன்வெர்ட்டர் கண் இமைக்கும் நேரத்தில் பொறுப்பை எடுத்துக்கொண்டிருக்கிறது. கூடத்து விளக்கு, மின்விசிறி, மாடிப்படி விளக்கு, இணைய மோடம் நான்கும் அதன் கணக்கில். நாங்கள் மூன்று முறை மெயினை அணைத்தும் அந்த நான்கும் ஒருமுறைகூட அணையவில்லை. இதைச் சொன்னதும் மருமகள், "அன்னைக்கு நீங்க மெயினை இறக்கினப்பகூட வைஃபை ஓடிட்டுதான் இருந்துச்சு மாமா" என்றார். கேட்டிருந்தால் அன்றே சொல்லியிருப்பார். நாங்கள் கேட்கவில்லை.

எது என்று பிரித்தது

இந்தமுறை அவசரப்படவில்லை. இரண்டும் ஒரே நொடியில் நின்றதாலேயே மோடம்தான் என்று சொல்லிவிட முடியாது; இன்வெர்ட்டர், மாடிப்படி விளக்கு, மோடம் மூன்றும் சேர்ந்தே அணைந்தன. 2:05-க்கு மின்சாரம் வந்தது, உறுமலும் வந்தது. இன்வெர்ட்டரை அதன் சொந்த சுவிட்சில் அணைத்துவிட்டு, மெயினையும் இறக்கினோம். அமைதி. பிறகு இன்வெர்ட்டர் இல்லாமல் மின்சாரத்தை மட்டும் விட்டு, ஒவ்வொன்றாகப் போட்டோம். மின்விசிறி: ஒன்றுமில்லை. மாடிப்படியின் எல்இடி குழல் விளக்கு: கரகரப்பு, ஆனால் பழைய உறுமலில் கால் பங்குதான் இருக்கும். மோடத்தின் அடாப்டரைச் செருகியதும் பழைய நண்பர் முழுசாக வந்துவிட்டார்.

மோடமா, அடாப்டரா? ஊர் டிவி மெக்கானிக்கிடம் 12 வோல்ட் மூடிய பேட்டரி ஒன்று கடன் வாங்கி, மோடத்தை அதிலிருந்து ஓட்டினோம். இணையம் வந்தது, உறுமல் வரவில்லை. ஆக, அடாப்டர்.

மெக்கானிக் அதை வாங்கி, மின்தேக்கியில் அழுத்தம் இறங்கும்வரை வைத்திருந்து, திறந்து காட்டினார். (நேர்மின்சாரமாக்கிய பிறகு உள்ளே 300 வோல்ட்டுக்கு மேல் இருக்கும். பழக்கமில்லாதவர்கள் திறக்கவே வேண்டாம்.) இரைச்சலைத் தடுக்கும் சுருள் இருக்க வேண்டிய இடம் அட்டையில் அச்சாகியிருந்தது. அந்த இடத்தில் சுருளுக்குப் பதில் இரண்டு துண்டுக் கம்பி. காசு மிச்சம் பிடிக்க விட்டுவிட்டார்கள். இப்படிப்பட்ட அடாப்டரின் இரைச்சல் மின் ஒயரில் ஒருபக்கம் ஓடும், வெளியீட்டு ஒயரில் மறுபக்கம் ஓடும். மோடத்திலிருந்து மாடி அறைக்குப் போன 12 மீட்டர் நெட் கேபிள், சாரின் ஆன்டெனா ஒயரோடு ஒரே ஆணியில் கட்டப்பட்டிருந்தது. ஒன்று ஒலிபரப்பு நிலையமாக, மற்றொன்று அதன் நேயராக இருந்திருக்கிறது.

என்ன செய்தோம், ஏன்

முதலில் ஒயரில் மாட்டும் ஃபெரைட் கவ்வியைப் போட்டோம். ஒரே சுற்று; பெரிய வித்தியாசம் இல்லை. பெரிய ஃபெரைட் வளையத்தில் ஒயரை எட்டுச் சுற்று சுற்றியதும் பாதிக்கு மேல் குறைந்தது. தடுப்புத் திறன் ஏறக்குறைய சுற்று எண்ணிக்கையின் வர்க்கமாக ஏறும். ஒரு சுற்றுக்கும் எட்டுச் சுற்றுக்கும் அறுபது மடங்குக்கு மேல் வித்தியாசம். கவ்வியைப் போட்டுப் பார்த்துவிட்டு "ஃபெரைட் வேலை செய்யலை" என்று சொல்பவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

ஆனால் பாதி சாருக்குப் போதவில்லை. நல்ல அடாப்டர் ஒன்றை வாங்கலாம் என்றேன். கடையில் எது நல்லது என்று வெளியிலிருந்து தெரியாது என்பது மெக்கானிக்கின் வாதம். அவர் சொன்னது சரி. கடைசியில் பழைய பாணிக்கே போனோம். 15 வோல்ட் டிரான்ஸ்ஃபார்மர், வோல்ட்டைச் சீராக வைத்திருக்கும் எல்எம்338 சீராக்கி, அதற்குக் கையகல வெப்பத் தகடு. 7812 என்ற சிறிய சீராக்கி போதும் என்றுதான் நான் நினைத்தேன். மோடம் எடுக்கும் மின்னோட்டத்துக்கு அது விளிம்பில் நிற்கும் என்று அவர் மறுத்துவிட்டார். இந்த வகையில் வெட்டுவது கிடையாது, அதனால் இரைச்சலும் கிடையாது. விலையாக வெப்பம் கொடுக்க வேண்டும். இன்வெர்ட்டரில் ஓடும்போது டிரான்ஸ்ஃபார்மர் லேசாக முனகும். அது காதில் கேட்கும் முனகல், ரேடியோவில் இல்லை.

மாடிப்படி விளக்கை மாற்றினோம். அப்புறம் ஆன்டெனா. மணி ஒயரை எடுத்துவிட்டு, டிவிக்குப் போடும் ஆர்ஜி-6 கேபிள். கம்பியும் கேபிளும் சேரும் இடத்தைத் தென்னைப் பக்கம் மாற்றி, அங்கே இரண்டையும் பொருந்தவைக்கும் 9:1 சுருள், அதற்கென்று தனியாக மண்ணில் இறக்கிய ஓர் எர்த் குழாய். வீட்டு மின் எர்த்தில் சேர்க்கவில்லை. வீட்டிலிருந்து எவ்வளவு தூரத்தில் ஆன்டெனா "தொடங்குகிறதோ" அவ்வளவு நல்லது. உறை போட்ட கேபிள் வீட்டுக்குள் வரும்போது இரைச்சலை இழுத்துக்கொள்ளாது. மழைக்காலத்தில் இடி வருமுன்பே கேபிளைக் கழற்றிவிட வேண்டும் என்பதை மருமகளிடமும் சொல்லிவைத்தோம்.

விளைவு

ஏப்ரல் கடைசியில் அதே மாடி, அதே ரேடியோ, சொந்த ஏரியல், மாலை ஏழு மணி, 10,000 கிலோ ஹெர்ட்ஸ்: சிக்னல் 25, தெளிவு 11. வாய்க்கால் கரை அளவுக்கு இல்லை. ஊருக்குள் அது சாத்தியமும் இல்லை. இரவு ஏழிலிருந்து பத்து வரை தெருவில் ஒரு மெல்லிய கரகரப்பு இன்னும் உண்டு. அதைத் தேடிப்போக வேண்டாம் என்று சார் சொல்லிவிட்டார்.

மே மாதக் குறிப்பேட்டில் ருமேனிய வானொலி, கேபிஎஸ், என்ஹெச்கே, ஒரு அதிகாலையில் நியூசிலாந்து. ருமேனியாவுக்கு ஒலிபரப்புத் தர அறிக்கை அனுப்பினார், வண்ண அட்டை வந்தது. ஆனால் இரைச்சல் போனதும் 31 மீட்டர் பழையபடி நிரம்பி வழியவில்லை. இரண்டு நிலையங்களுக்கு நடுவே முன்பு இல்லாத காலி இடங்கள். மூடியவை மூடியவைதான். "காது சரி, ரேடியோ சரி. பாதி பேர்தான் இல்லை" என்றார்.

பக்கத்து வீட்டுக்கு அவரே போய், தப்பு தன் வீட்டில்தான் என்று சொல்லிவிட்டு வந்தார். அந்த அம்மா கொஞ்ச நேரம் சிரித்தாராம். பல்பு இரண்டும் அவர்கள் வாசலில் இன்னும் எரிகின்றன.

மறுபடி செய்தால்

வீட்டுக்குப் போனதும் நான் முதலில் கேட்டிருக்க வேண்டியது குறிப்பேட்டை. வேலையெல்லாம் முடிந்து சும்மா புரட்டும்போதுதான் பார்த்தேன். சின்போ ஐந்து இலக்கம்: சிக்னல், பிற நிலையக் குறுக்கீடு, இரைச்சல், அலைப்பரவல், மொத்தம். ஒவ்வொன்றும் 1 முதல் 5. 5 என்றால் சிறப்பு. 2022 நவம்பர் 18 வரை 43433, 44433 என்று போகிறது. 19 முதல் எல்லா நிலையத்துக்கும் மூன்றாவது இலக்கம் 1. ஒரு நிலையம் மூடினால் அந்த நிலையத்தின் வரி மட்டும் காணாமல் போகும். எல்லா வரியிலும் ஒரே இலக்கம் ஒரே இரவில் விழாது. நவம்பர் 17-ல் இடி விழுந்து மோடத்தின் பழைய அடாப்டர் போனதும், மறுநாள் மகன் கடைத்தெருவில் ஒன்று வாங்கி மாட்டியதும் வீட்டில் எல்லோருக்கும் ஞாபகம் இருந்தது. ரேடியோவோடு அதை யாரும் சேர்த்துப் பார்க்கவில்லை. "புதுசா என்ன வாங்கினீங்க?" என்று நான் பிப்ரவரியில் கேட்டிருந்தாலும், "ஒண்ணும் இல்லை" என்றுதான் சொல்லியிருப்பார்கள். அடாப்டரை யார் வாங்கிய பொருள் என்று நினைப்பார்கள்? "என்ன மாத்தினீங்க?" என்று கேட்க வேண்டும்.

மெயினை அணைக்கும் சோதனையில் இன்வெர்ட்டரையும் அணைக்க வேண்டும். வீட்டுக்குள் ஒருவர் நின்று மின்விசிறி நின்றதா என்று பார்த்துச் சொல்ல வேண்டும். பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டுவது அதற்கெல்லாம் பிறகு.

சார் குறிப்பேட்டில் இப்போது ஆறாவதாக ஒரு பத்தி போட்டிருக்கிறார். தலைப்பு "வீடு". அதில் முதல் வரி: ஜூன் 4, மருமகள் போன் சார்ஜர் மாற்றம், இரைச்சல் 4, பாதிப்பு இல்லை.